பதினெட்டாம் நோன்பில் அறுபத்துநான்கு

2025 மார்ச் 19, புதன்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். வெந்நீர் ஒரு குவளை. வேத வாசிப்பும் ஜெபமும் இருபது நிமிடம். வீட்டிலிருந்து பெருங்களத்தூர் ரயில் நிலையம் வரை நடந்து திரும்ப 38 நிமிடம். காலை உணவு இல்லை. லெந்து காலத்தின் பதிமூன்றாம் நாள் அது. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை, ஞாயிறு நீங்கலாக நாற்பது நாள், எங்கள் வீட்டில் மீனும் கறியும் முட்டையும் கிடையாது. அதற்கு மேல் நான் மட்டும் காலை உணவையும் விட்டுவிடுவேன். 8.12 ரயிலில் தாம்பரம். 8.40க்குப் பள்ளி அலுவலகத்தில் கையெழுத்து. 12.50க்கு மதிய உணவு: எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், பருப்பு வடை இரண்டு. 1.15க்குச் சர்க்கரை மாத்திரை. 5.20க்கு அலுவலகம் விட்டேன்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு பக்கத்தின் வலது மேல் மூலையிலும் ஒரு சிறிய கட்டம் போட்டு அதில் அன்றைய சர்க்கரை அளவை எழுதுவது வழக்கம். அன்றைய கட்டம் காலி. அதற்கு முந்தைய ஏழு நாட்களின் கட்டங்களும் காலி. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அலுவலகத்திலிருந்து நேராகப் பாயின் கண்ணாடிக் கடைக்குப் போனேன். என் மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கத்து மூக்குப் பட்டை கழன்றிருந்தது. தாம்பரம் மேற்கில் மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் இருக்கிறது கடை. பத்தடிக்கு எட்டடி. பின்பக்கம் பச்சைத் திரை. திரைக்கு அப்பால் கண் சோதிக்கும் நாற்காலி. பாய் என்னைவிட ஒரு வயது இளையவர், ஐம்பத்திரண்டு. பதினொரு ஆண்டுகளாக என் கண்ணாடிகள் எல்லாம் அவர் கையால் செய்தவை.

எனக்குச் சர்க்கரை இருப்பதைக் கண்டுபிடித்தது மருத்துவர் இல்லை, அவர்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன் புதுக் கண்ணாடி வாங்கிய மூன்றாவது வாரம், ரயில் நிலையப் பலகையில் எழுத்து மங்கலாகத் தெரிகிறதென்று புகார் சொல்லப் போனேன். அவர் மறுபடி சோதித்தார். கண்ணின் பவர் ஒரு எண் மாறியிருந்தது. லென்ஸ் தவறு என்று நான் முடிவுகட்டியிருந்தேன். அவர் என் பழைய சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு சொன்னார்:

"மூணு வாரத்துல கண்ணு இவ்ளோ மாறாது சார். உங்களுக்கு நான் கண்ணாடி விக்க மாட்டேன். நாளைக்குக் காலைல வெறும் வயித்துல ரத்தம் குடுங்க."

"கண்ணுக்கும் ரத்தத்துக்கும் என்ன பாய்?"

"ரத்தத்துல சர்க்கரை ஏறிச்சுன்னா கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸும் ஊதிக்கும். ஊதின கண்ணுக்கு நான் அளவெடுத்துக் குடுத்தா, அது வத்தினதும் மறுபடி வந்து என்னைத் திட்டுவீங்க."

மறுநாள் வெறும் வயிற்றில் 246 வந்தது. இரண்டு மாதத்தில் சர்க்கரை இறங்கியது. புகார் சொன்ன அதே கண்ணாடியில் ரயில் நிலையப் பலகை தெளிவாகத் தெரிந்தது. ஒரு கண்ணாடி விற்றிருக்க வேண்டிய இடத்தில் விற்க மறுத்த மனிதர் என்பதால் அன்று முதல் எனக்கு அவர் மேல் ஒரு மதிப்பு.

அவருக்கே ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை. என்னை எச்சரித்தவர் தன் விஷயத்தில் அத்தனை கவனமாக இருந்தார் என்று சொல்ல முடியாது. சென்ற ஆண்டு ரமலானுக்கு முன் அவருடைய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, ஏழுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது, 9.8. சேலையூரில் அவர் பார்க்கும் மருத்துவர் அம்மா, நோன்பு வைக்கவே கூடாது என்று தடுத்துவிட்டார். பத்து வயதிலிருந்து விடாமல் வைத்த நோன்பு. அந்த மாதம் முழுவதும் மதியம் ஒரு மணிக்குப் பச்சைத் திரைக்குப் பின்னால் போய், சோதனை நாற்காலியில் உட்கார்ந்து, சத்தம் கேட்காமல் சாப்பிட்டார். "என் கடைலயே நான் திருடன் மாதிரி சார்" என்று ஒருமுறை சொன்னார். அடுத்த ரமலானில் முப்பதும் வைப்பது என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் தீர்மானித்தாராம்.

அந்த ஓராண்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். தீர்மானம் எல்லோரும் செய்வோம். அவர் அதைத் தொழில் மாதிரி செய்தார். முதலில் தேநீர். மார்க்கெட் சந்தில் யார் வந்தாலும் தேநீர் சொல்ல வேண்டும், கூட ஒன்று குடிக்கவும் வேண்டும். ஒரு நாள் தான் குடித்ததை எண்ணினார்: ஆறு. ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. பன்னிரண்டு கரண்டி சர்க்கரையை ஒரு கண்ணாடி டம்ளரில் கொட்டி, மூடி, மேசையில் தன் கண்முன் ஒரு வாரம் வைத்தார். வந்தவர்கள் எதற்கென்று கேட்டால், "இது நேத்து நான் சாப்பிட்டது" என்பார். ஏழாம் நாளோடு இனிப்புத் தேநீர் நின்றது.

அடுத்தது சாப்பிடும் வரிசை. முதலில் ஒரு தட்டு காய்: கொத்தவரை, கோஸ், வெள்ளரி, எது மலிவோ அது. பிறகு மீன் அல்லது கோழி. கடைசியில் ஒரு டம்ளர் அளந்த சோறு. காயும் மீனும் முன்னால் போய் வயிற்றில் இடம் பிடித்துக்கொண்டால் சோறு மெதுவாகத்தான் சர்க்கரையாகும் என்பது அவர் கணக்கு. சர்க்கரை பார்க்கும் கருவியில் குத்திப் பார்த்து அதைத் தனக்கே நிரூபித்தும் கொண்டார். அதே சோறு, அதே அளவு. ஒரு நாள் சோற்றை முதலிலும் மறுநாள் கடைசியிலும் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த இரண்டு எண்களையும் எனக்குக் காட்டினார். நாற்பதுக்கு மேல் வித்தியாசம். சாப்பிட்டதும் கடையிலிருந்து மீன் அங்காடி வரை நான்கு நடை, பத்து நிமிடம். காலையில் கடைக்கு வருவதும் நடந்துதான்.

கல்யாணங்களில் பிரியாணியை மறுக்க முடியாது. அதில் கோழியையும் வெங்காயப் பச்சடியையும் சாப்பிட்டுவிட்டு, சோறு மூன்று கரண்டியோடு எழுந்துவிடுவார். கோவிலம்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்கு என்னையும் அழைத்துப் போயிருந்தார். அவருடைய மச்சான் பந்தியில் எல்லோர் முன்பும் கேட்டார்:

"என்ன மச்சான், கல்யாணத்துக்கு வந்தியா, ஆஸ்பத்திரிக்கு வந்தியா?"

"கல்யாணத்துக்குத்தான். நீதான் அடுத்து ஆஸ்பத்திரிக்குப் போற வண்டியில ஏறி உக்காந்திருக்கே. ஜன்னல் சீட்டு வேற" என்றார் பாய், மச்சானின் இரண்டாவது தட்டைப் பார்த்து.

பந்தியே சிரித்தது. மச்சான் மூன்றாவது தட்டு கேட்கவில்லை.

இந்த ஜனவரியில் அவருடைய சராசரி 7.1. மருத்துவர் அம்மா சம்மதித்தார். ஆனால் நிபந்தனை வைத்தார். காலை மாத்திரை நோன்பு திறந்த பிறகு மாலைக்கு மாறும். விடியலுக்கு முந்தைய சஹர் உணவோடு குறைந்த அளவு ஒன்று. நாளைக்கு நான்கு முறை விரலில் குத்திப் பார்க்க வேண்டும். எழுபதுக்குக் கீழே போனாலோ முந்நூறுக்கு மேலே போனாலோ அந்த நொடியே நோன்பை விட வேண்டும். மணி பார்க்கக்கூடாது. பாய் இதை அப்படியே ஒரு அட்டையில் எழுதி, நோன்பு நேர அட்டவணையின் பக்கத்தில் ஒட்டினார். குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதைப் பள்ளிவாசலில் இமாமிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார். அவர் மனைவி நோன்புக் கஞ்சியில் அரிசியைப் பாதியாக்கிப் பாசிப்பருப்பைக் கூட்டினார். லெந்து என்பதற்காக எனக்குக் கறி போடாமல் தனியாக ஒரு கிண்ணம் இருமுறை வந்தது.

மார்ச் இரண்டாம் தேதி முதல் நோன்பு. பதினேழு நாள் ஒரு குறையும் இல்லை. அவருடைய எண்களை நான் தினமும் கேட்டு என் நாட்குறிப்பில் எழுதிவந்தேன். என் கட்டம் காலியாக இருந்த நாட்களில்கூட அவருடைய நான்கு எண்களும் வரிசையாக இருக்கின்றன. இப்போது பார்க்க வேடிக்கையாக இருக்கிறது.

பத்தொன்பதாம் தேதிக்கு வருகிறேன். நான் கடைக்குள் நுழைந்தபோது மணி 5.35. பாய் ஒருவரின் கண்ணாடிக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒருவர் தள்ளுவண்டியில் காய்கறி விற்பவர். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து வெளியே நிறுத்திய வண்டியில் ஒரு கண் வைத்திருந்தார். பாய் அன்று லென்ஸ் பார்சல் வராததால் தானே ரயிலில் பாரிமுனை போய் வாங்கி வந்திருந்தார். வெயில். போகும்போதும் வரும்போதும் ஆட்டோ கிடைக்காமல் நடை. அதை அவர் சொன்னபோது நான் ரயில் நேரத்தைத்தான் விசாரித்தேன்.

கண்ணாடிக் கால் சட்டத்தோடு சேரும் கீலில் போகும் திருகாணி அரிசிக் குருணையைவிடச் சிறியது. பாய் அதைப் பார்க்காமலே போடுவார். அன்று அது நழுவி மேசையில் விழுந்தது. எடுத்தார். மறுபடி விழுந்தது.

"இன்னா பாய், அஞ்சு நிமிஷம்னு சொன்ன. வண்டில கீரை வாடிக்கினு கீது" என்றார் காய்கறிக்காரர்.

"இதோ ஆயிடுச்சுண்ணா."

மூன்றாம் முறையும் விழுந்தது. பாய் திருப்புளியைக் கீழே வைத்தார். நெற்றியில் வேர்வை. இழுப்பறையைத் திறந்து கருவியை எடுத்து விரலைக் குத்தினார். எண்ணைப் பார்த்துவிட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினார். 64.

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 5.52. நோன்பு திறக்கும் நேரம் அட்டவணையில் 6.22. முப்பது நிமிடம். நான் சொன்னது இதுதான், மறைக்காமல் எழுதுகிறேன்:

"அரை மணி நேரம்தான் பாய். உள்ள போய்ப் படுத்துக்கோங்க. கடையை நான் பாத்துக்கறேன்."

அவருடைய நிபந்தனை அட்டையை எத்தனையோ முறை படித்தவன் நான். எழுபது என்பது எதற்காக என்று என்னைக் கேட்டிருந்தால் விளக்கியிருப்பேன்: அதற்குக் கீழே போனால் முதலில் கை நடுங்கும், பிறகு யோசனை குழம்பும், பிறகு தானாகச் சாப்பிடவும் முடியாத நிலை வரும், அரை மணி நேரத்தில் அது எங்கே போய் நிற்குமென்று யாரும் சொல்ல முடியாது. எல்லாம் தெரிந்தும் என் கண் கடிகாரத்துக்குத்தான் போனது. பதினேழு நாள் வரிசையாக எழுதிய எண்களில் ஒன்று கெடப்போகிறதே என்று என் மனம் கணக்குப் பார்த்தது. அவருடைய உயிரைவிட என் நாட்குறிப்பின் வரிசை பெரிதாகத் தெரிந்த ஒரு கணம் அது.

 பாய் இழுப்பறையிலிருந்து குளுக்கோஸ் பொட்டலத்தை எடுத்து, மூன்று தேக்கரண்டி டம்ளரில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கினார். கலக்கும்போது கரண்டி டம்ளரில் இடித்தது. நான் அப்போதும் சும்மா இருக்கவில்லை. தட்டில் மூடி வைத்திருந்த பேரீச்சம்பழத்தை எடுத்து நீட்டினேன். நோன்பை அதில்தானே திறப்பார்கள் என்ற எண்ணம்.

"அது மெதுவா ஏறும் சார். அது நோன்பு திறக்கறதுக்கு. இது மருந்து" என்றார்.

திரைக்குப் பின்னால் போகவில்லை. காய்கறிக்காரருக்கு எதிரே, தெரு பார்க்க உட்கார்ந்து குடித்தார்.

காய்கறிக்காரர் டம்ளரையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா பாய், பாங்கு சொல்லலியே இன்னும்? உன் கடிகாரம் ஃபாஸ்டா கீதா?"

"கடிகாரம் கரெக்டா இருக்குண்ணா. நான்தான் ஸ்லோவாயிட்டேன். சுகர் இறங்கிடுச்சு."

"அப்ப இன்னிக்கு நோன்பு?"

"போச்சு. ரமலான் முடிஞ்சு ஒரு நாள் வெச்சு அடைச்சுடலாம். உயிருக்கு ஆபத்துன்னா விட்டுடுன்னு சொன்னதும் ஆண்டவன்தான்."

 "மெதுவாவே போடு பாய். கீரை கெடக்குது" என்றார் காய்கறிக்காரர். எழுந்து வெளியே போய்க் கீரைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

குடித்தபின் பதினைந்து நிமிடம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். பாய் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். ஐந்தாறு நிமிடத்தில் முகம் தெளிந்தது. கண்ணைத் திறந்ததும் என்னைப் பார்த்தார்.

"சும்மாதானே உக்காந்திருக்கோம். உங்க விரலைக் குடுங்க சார்."

"எனக்கு எதுக்கு பாய்?"

"ஒரு வாரமா உங்க நம்பரைக் கேட்டா என் நம்பரைக் கேக்கறீங்க. எனக்குத் தெரியாதா?"

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். லெந்து தொடங்கிய ஆறாம் நாள், மார்ச் 11, செவ்வாய், வெறும் வயிற்றில் 188 வந்தது. உபவாசம் இருக்கும்போது சர்க்கரை குறையத்தானே வேண்டும். கருவியில் கோளாறு என்று நினைத்தேன். மறுநாள் முதல் பார்ப்பதை நிறுத்தினேன். இந்த நாட்களில் உடம்பைப் பற்றிய நினைப்பு குறையட்டும் என்று மனைவியிடம் சொன்னேன். அது பக்தி இல்லை. 188ஐ மறுபடி எழுதப் பயம்.

பாய் புது ஊசி மாற்றிக் குத்தினார். 242.

அவர் முகத்தில் வெற்றியும் இல்லை, கண்டிப்பும் இல்லை. லென்ஸ் எண்ணைக் கேட்பது போலக் கேட்டார். "மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

சொன்னேன். எலுமிச்சை சாதம் எவ்வளவு என்றார். டப்பாவின் அளவைக் கையால் காட்டினேன். மீன் இருக்கும் நாளில் எவ்வளவு சோறு என்றார். அதில் பாதிதான்.

"நேத்து?"

"தக்காளி சாதம். சேப்பங்கிழங்கு."

"அதுக்கு முந்தின நாள்?"

"பாய், போதும்."

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மீனை விட்டீங்க, நல்ல விஷயம். ஆனா மீன் இருந்த இடத்துல சோத்தை உக்கார வெச்சுட்டீங்க. காலைல வேற பட்டினி. மத்தியானம் அந்தப் பசிக்கும் சேத்து. நீங்க ஆண்டவருக்கு விட்டது மீனை. கொண்டைக்கடலையும் பயறும் என்ன பாவம் பண்ணிச்சு?"

"எங்க வூட்டுக்காரிகூட இதையேதான் சொல்லிக்கினு இருப்பா. காய் விக்கறவன் வூட்டுல காயே துன்றதில்லன்னு" என்றார் காய்கறிக்காரர், யாரும் கேட்காமலே.

6.09க்கு பாய் தனக்கு மறுபடி பார்த்தார். 92. திருப்புளியை எடுத்தார். திருகாணி முதல் முயற்சியிலேயே உள்ளே போனது. காய்கறிக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வண்டியிலிருந்து ஒரு கட்டு முருங்கைக்கீரையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

6.22க்குப் பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. எதிர்க்கடைகளில் தண்ணீர் பாட்டில்கள் திறந்தன. பாயும் பேரீச்சம்பழம் ஒன்றை எடுத்துத் துஆ ஓதிச் சாப்பிட்டார். அதன்பின் ஒரு மஞ்சள் துணியால் விற்பனைக்கு வைத்திருந்த ஒரு சட்டத்தைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. வெகுநேரம் துடைத்தார். அப்போதுதான் அவருக்கு எவ்வளவு போயிற்று என்று எனக்கு உறைத்தது. ஓராண்டு உழைத்துச் சேர்த்த முப்பதில் ஒன்றை, அரை மணி நேரம் மிச்சமிருக்கையில், தெரு பார்க்க உட்கார்ந்து விட்டுக்கொடுத்தவர். நானாக இருந்தால் படுத்திருப்பேன். படுத்திருந்தால் எழுந்திருப்பேனா என்று தெரியாது.

பிறகு மருத்துவர் அம்மாவுக்குத் தொலைபேசினார். ஒலிபெருக்கியில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"நாளைக்கு வைக்காதீங்க. காலைல பத்து மணிக்கு ரீடிங் எல்லாம் எடுத்துட்டு வாங்க. மாத்திரையை மாத்திப் பார்க்கறேன். அதுக்கப்புறம் மீதி நாள் வைக்கலாமான்னு சொல்றேன்."

"வைக்கலாமான்னா, வைக்கக்கூடாதுன்னும் சொல்வீங்களாம்மா?"

"சொல்லலாம். ஆனா இன்னிக்கு நீங்க செஞ்சதைப் பாத்தா, சொல்ல வேண்டியிருக்காதுன்னு நினைக்கறேன். மணி பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தீங்கன்னா கண்டிப்பா நிறுத்தியிருப்பேன்."

நான் கடிகாரத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தேன்.

பாய் தன் அட்டவணையில் பதினெட்டுக்கு நேராக ஒரு வட்டம் போட்டார். "நாளைக்குக் காலைல வீட்டுல எல்லாரும் நோன்பு. எனக்காக யாரையும் அடுப்புப் பத்த வைக்கச் சொல்ல மனசு வரலை. ஓட்டல்ல ஏதாவது பாத்துக்கறேன்" என்றார்.

"எங்க வீட்டுக்கு வாங்க. ஏழரைக்கு" என்றேன்.

"உங்களுக்குத்தான் காலைல சாப்பாடு கிடையாதே."

"நாளையிலேர்ந்து உண்டு."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், 242 உட்பட. லெந்து முடிய இன்னும் இருபத்தேழு நாள். மீனும் கறியும் விட்டது விட்டதுதான், காலைப் பட்டினியை மட்டும் எடுத்துவிடுகிறேன் என்றேன். "எட்டு நாளா உங்க கட்டத்தைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்" என்றாள். பச்சைப் பயறை மூன்று பேருக்கு அளந்து ஊறப்போட்டாள். பாய் கொடுத்தனுப்பிய முருங்கைக்கீரையைப் பயறு அடைக்குள் போடலாமா என்று கேட்டாள். போடலாம் என்றேன்.

மார்ச் 20, வியாழன். காலை 5.10க்கு எழுந்தேன். வெந்நீருக்கும் ஜெபத்துக்கும் முன்னால் விளக்கைப் போட்டு, கை கழுவித் துடைத்து, இடது கை மோதிர விரலைக் குத்தினேன். 193. வலது மேல் மூலைக் கட்டத்தில் அதை மையால் எழுதினேன்.